கன்டன் படங்களுக்கு ஒரு கூடைக்காரி

கலியாணத்தின்போது இராஜேஸ்வரி யோகேஸ்வரனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் என்பது பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை பெரிய மனதோடு தலையாட்டினார். பத்து வருடம் வாயைத் திறக்கவுமில்லை.

போன மாதம் திறந்தார். சிட்னியில் அவர் தற்காலிகக் காவலாளியாக நிற்கும் ஓவியக் கூடத்தில் சீனத் தேயிலைப் படங்களின் கண்காட்சி. இருநூறு வருடத்துக்கு முன் கன்டன் நகரத்து ஓவியர்கள் வெள்ளைக்கார வியாபாரிகளுக்கென்றே வரைந்தவை. திறப்பு விழாவில் கூடையோடு ஒரு பெண் நின்றால் அழகாயிருக்கும் என்று மேலாளர் பெண்மணி சொல்லி வாய் மூடவில்லை, "என்ர மனுசி பறிச்சவதான்" என்று இவர் முந்திக்கொண்டார். நிரந்தர வேலை ஆசை யாரை விட்டது?

"ஒரு பின்னேரம்தானே இராஜி. பிள்ளை நீச்சல் வகுப்பில நிப்பாள். அவளுக்கு என்னெண்டு தெரியப்போகுது?"

போனாள், வேறென்ன செய்வாள். படங்களைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. பட்டுச் சட்டை, சிரித்த முகம், ஒருவர் காலிலும் சேறில்லை. அட்டை கடிக்கவில்லை, கங்காணி ஏசவில்லை. வாங்குகிறவன் மனம் நோகாமல் வரைந்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

அவளுடைய விரல் தழும்புகள் தெரியாமல் வெள்ளைக் கையுறை போட்டுவிட்டார்கள். கூடைக் கயிறு தலையில் ஏறியதும் கழுத்து தானாகவே குனிந்தது. பாழாய்ப்போன கழுத்துக்கு மறதியே இல்லை. வைன் கோப்பையோடு ஒரு கிழவர் வந்து, படத்தில் இருப்பதுபோலத்தான் இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணைக் காட்டினார்.

"யெஸ். வெரி ஹாப்பி," என்றாள்.

நிறைமாதத்தில் மலையேறி, மழையில் வழுக்கி விழுந்து செத்த அக்காவின் முகம் வந்தது. 

மேலாளருக்குப் பரம திருப்தி. யோகேஸ்வரனின் கையைக் குலுக்கி, திங்கட்கிழமை வேலைக் கடிதம் வரும் என்றாள். பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். அதில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி சின்னக் கூடையோடு நிற்கிறாள். "உங்களுக்கும் மகள் இருக்கிறாள் அல்லவா? சனிக்கிழமை குடும்ப தினம். கூட்டிக்கொண்டு வாருங்கள். கூடைக்கு அளவு மட்டும் சொல்லுங்கள்."

இராஜேஸ்வரி கூடையை இறக்கவும் மறந்து கணவரின் கையைப் பிடித்தாள். "வேணாங்க. ஒங்க காலப் புடிச்சிக் கேக்கிறேன்."

யோகேஸ்வரன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மகளுக்கு எட்டு வயது என்றார். உயரம் இவ்வளவு வரும் என்று தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.