ஊசி தூக்காதவள்

ஒரு நிமிடம் பத்து விநாடி. சீட்டு கைக்கு வந்தபோது பாட்டு முடிய அவ்வளவு நேரம் மீதி இருந்தது. அதற்குள் அந்தச் சீட்டை நிதானமாக இரண்டு தடவை வாசித்திருக்கலாம். அவசரப்பட்டால் மூன்று தடவை.

ஓராண்டாக இதே நினைப்புத்தான். ஆண்டு நினைவுப் பூசைக்கு நடுவிலும் அது நிற்கவில்லை. சாமியார் லத்தீன் ஜெபத்தின் இடையே ஜான்ரோஸ் என்ற பெயரைச் சொன்னார். முழந்தாளில் நின்ற செசிலி, தன் தம்பியின் பெயரைச் சொல்லி முடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லையே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் அவன் மனைவி லீமா அழாமல் நின்றாள். போன ஐப்பசியில் கடலுக்குப் போன அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சிலுவை மட்டும் இருந்தது.

செசிலிக்கு நாற்பத்து மூன்று வயது. தெற்குத் தமிழ் ஊர்களும் சேர்ந்திருந்த மலையாள ராஜ்யத்தின் தலைநகரத்து வானொலி நிலையத்தில் தமிழ் இசைத்தட்டுகளைப் போடுகிறவளாகச் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு முன்னால் கன்னியர் மடத்துப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நிலையத்தில் மாலை ஆறு மணியிலிருந்து ஆறரை வரைதான் தமிழ். முன்னும் பின்னும் மலையாளம். அந்த அரைமணிக்காகத் தெற்கே எத்தனையோ பேர் காத்திருந்தார்கள் என்பதைக் கடிதங்கள் சொல்லும். கருங்கல் சந்தையில் வெற்றிலை விற்கிற ஒருவர் வாரம் தவறாமல் எழுதுவார். தோவாளையில் பூக்கட்டும் பெண்கள் நாலுபேர் சேர்ந்து ஒரே அட்டையில் எழுதுவார்கள்.

அவர்கள் கேட்டதைத்தான் அவள் அதிகமும் போட்டாள். சினிமாப் பாட்டுகளின் ஓட்டம் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காதது குரலில் தெரியாதபடி பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பிடித்தது விருத்தம். தாளம் இல்லாமல், வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, ஒரு குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்டால் இன்னும் நல்லது. விருத்தத்தில் கடைசி அடிதான் பாட்டு, மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழி என்று அவள் நம்பினாள். அதனால் எந்தப் பாட்டையும் அவள் பாதியில் நிறுத்தியதில்லை. நேரம் தாண்டினால் மற்றவர்கள் தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிப் பாட்டை அறுத்துவிடுவார்கள். செசிலி முதலிலேயே நேரத்தை அளந்து அடுக்கி, கடைசிப் பாட்டின் கடைசி அடி ஆறரை மணிக்குச் சரியாக முடியும்படி செய்வாள். முடிந்த மறுகணம் மலையாளச் செய்தி தொடங்கும்.

"செசிலி ஊசியைத் தூக்கினா அண்ணைக்கு ராஜ்யம் இருக்காது" என்று நிலையத்தில் கேலி செய்வார்கள். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஜான்ரோஸ் கடலுக்குப் போன அன்றைக்கும் அப்படித்தான் அடுக்கியிருந்தாள். கடைசியில், பழைய நாடக நடிகை ஒருத்தி பாடிய விருத்தம். மூன்றாம் அடி தொடங்கும்போது பியூன் கதவைச் சத்தமில்லாமல் திறந்து ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனான். தென்கடலில் காற்று பலக்கும், மீன்பிடிக்க யாரும் இறங்க வேண்டாம். அவள் வாசித்தாள். கை ஊசியின் பக்கம் போனது. அப்போது அந்தக் குரல் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. இதை அறுப்பதா? முடியட்டும், செய்தியில் வாசிப்பார்கள் என்று நினைத்தாள். பாட்டு முடிந்தது. ஆறரை. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் செய்தி ஆரம்பித்திருந்தது. கால்மணி கழித்து, செய்தி முடிந்த பிறகு, அதை மலையாளத்தில் வாசித்தார்கள்.

அவள் கையில் சீட்டு எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

பூசை முடிந்து லீமாவின் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அடுத்த வீட்டு எலிசா செசிலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி செசிலி, நீ ரேடியோவில பேசுத தமிழும் இப்பம் பேசுத தமிழும் வேற வேறயால்லா இருக்கு. அதுக்குள்ள இருந்து பேசுதது யாரு, ஒனக்க சக்களத்தியா?"

"சக்களத்தி வரணும்னா முதல்ல ஒரு மாப்பிள்ள வேணுமே எலிசாக்கா."

"அதையும் ரேடியோவில சொல்லு. கொல்லத்துல இருந்து குமரி வரைக்கும் வரிசையா வந்து நிப்பானுவ."

பெண்கள் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே நிறுத்திக்கொண்டார்கள். எலிசா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மரியஜான் வந்து தென்னமரத்து மூட்டுல நிக்கான். உள்ள வர பயம் போல."

"வரட்டு. காப்பிய மூஞ்சில ஊத்துதேன்" என்றாள் லீமா.

கோயில் சுவரில் மாட்டியிருந்த ஊர் வானொலிக்கு மரியஜான்தான் பொறுப்பு. மின்சாரம் வராத ஊர். பாட்டரி தீர்ந்தால் நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். ஆகவே தமிழ்ப் பாட்டு முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுவான். மலையாளச் செய்தி யாருக்கு வேண்டும் என்று ஊரும் அதை ஒத்துக்கொண்டிருந்தது. ஜான்ரோஸ் போன பிறகு அதே ஊர், மரியஜான் பெட்டியை அணைக்காமல் இருந்திருந்தால் எச்சரிக்கை கேட்டிருக்கும் என்றது. லீமா ஓராண்டாக மரியஜானின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே வந்தால் மண்ணில் துப்புவாள்.

செசிலி இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். அவன் மேல் பழி இருக்கிற வரை தன்னிடம் யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பு, அவள் விரும்பாமலே, ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

எல்லாரும் போனபின் லீமா கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே அமர்ந்தாள்.

"மைனி, ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல்ல."

"சொல்லு."

"அண்ணைக்குச் சாயங்காலம் அவிய தூண்டிலுக்குப் போக கட்டுமரத்தைத் தள்ளினாவ. மத்தவிய எல்லாரும் விடியக்காலத்துலதான எறங்குவாவ, இவிய மட்டுந்தான். தள்ளிட்டு இருக்கும்ப ஒங்க குரலு கேட்டுது. 'அக்கா கடைசிப் பாட்டு சொல்லுதா, கேட்டுட்டுப் போறேன்'னு முட்டளவு தண்ணியில மரத்தைப் பிடிச்சிட்டு அப்படியே நிண்ணாவ. நான் ஏசினேன், இருட்டுது, போறதுன்னா போங்க, இல்லேன்னா வீட்டுக்கு வாங்கன்னு. 'பொறு பிள்ள, அக்கா நடுவுல அறுக்கமாட்டா, முடியட்டும்'னு சிரிச்சாவ." லீமா மூக்கைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டாள். "முடிஞ்சுது. அந்தப் பய பெட்டிய அணைச்சான். இவிய ஏறிட்டாவ."

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான் என்பது இதுவரை செசிலிக்குத் தெரியாது. ஊர் என்ன சொன்னாலும் அந்த நேரத்தில் அவன் எங்கோ கடலுக்குள் இருந்திருப்பான், சொல்லியிருந்தாலும் அவன் காதுக்கு எட்டியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லி, அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் ஓராண்டாகத் தூங்கி எழுந்தாள். அவனோ கரையில் நின்றிருக்கிறான். அவளுடைய வழக்கத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்தவன். பாட்டு நடுவில் அறுந்திருந்தால், ஒரு சொல்லும் வாசிக்க வேண்டியதில்லை, அந்த அறுப்பே அவனைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். அக்கா ஊசியைத் தூக்கிவிட்டாள், என்னவோ நடந்திருக்கிறது என்று மரத்தை இழுத்துக் கரையேற்றியிருப்பான்.

"அவிய சந்தோசமாத்தான் போனாவ மைனி. எனக்கு இருக்கது அது ஒண்ணுதான்" என்றாள் லீமா. "வார வியாழக்கெழம அந்தப் பாட்ட போடுங்க. அவியளுக்க பேரச் சொல்லிப் போடுங்க. ஊரு முழுக்கக் கேக்கட்டு. அந்த மரியஜானே அவனுக்க கையால பெட்டியத் திருகிக் கேக்கட்டு. அதுக்குப் பொறவு அவனுக்கு ஒறக்கம் வருதான்னு பாப்பம்."

போடலாம். என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட அவளுக்கு வந்துவிட்டது. குரலை எங்கே தாழ்த்த வேண்டும், பெயருக்குப் பின் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதும். கேட்பவர்கள் அழுவார்கள். தோவாளையிலிருந்து அட்டை வரும். அவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்பதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றால், தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்ற அந்த மனிதனை லீமாவிடமிருந்து பிடுங்கியதாகும். அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

"மரியஜான் அணைக்காம இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது லீமா" என்றாள். "கால்மணி கழிச்சுத்தான் வாசிச்சாவ. அதுவும் மலையாளத்துல. அதுக்குள்ள தம்பி போயிருப்பான். மரியஜானை ஏசாத."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்கதான இருந்தேன்."

லீமா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று வந்து, உட்கார இடம் தேடியது போலிருந்தது. செசிலி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இத ஏன் இவ்வளவு நாளா சொல்லல்ல?"

"சொல்லியிருக்கணும்."

வெளியே கடலின் சத்தம் கேட்டது. லீமா காலிக் கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு கோப்பைகளைப் பார்த்தபடியே, கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"சரி, அவன் கேக்காண்டாம். எனக்கவேண்டிப் போடுங்க மைனி. ஒரே ஒரு தடவ."

செசிலி தன் கோப்பையையும் அந்த அடுக்கின் மேல் வைத்தாள்.

"தட்டு ஒடஞ்சு போச்சா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். லீமா நம்புவாள், வருத்தப்படுவாள், பிறகு கேட்கமாட்டாள்.

"இல்ல, தட்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள் செசிலி. "நான்தான் போடமாட்டேன் லீமா."