எண்ணெய்க் குழாயின் சரிவு

சனிக்கிழமை தம்பி நெல்ஸ் வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து ரோரி மூன்றாவது முறையாக ரெவல்ஸ்டோக் என்ற மலையூரின் உதிரிபாகக் கடைக்கு வந்திருந்தான். பனியில் ஓடும் பழைய ஸ்னோமொபைலுக்கு, எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் புதிய டர்போ போட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் அண்ணன் தம்பி இருவரையும் பாதி மலையில் கைவிட்ட அதே வண்டி. இந்த முறை அது உச்சிக்கு ஏறியாக வேண்டும். ஏறினால்தான் தம்பியோடு பழையபடி பேச முடியும் என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

கடைக்காரி ஒடெட் எடுத்து வைத்த பாகங்களை அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் கிளாம்ப் வேணாம். குளிர்ல ரப்பர் குழாய் சுருங்கினா பிடிவிட்டுடும். போல்ட் வெச்சு இறுக்குறதைக் குடு."

"கல்யாண மோதிரத்தக்கூட நீ இப்படிப் பார்த்து வாங்கல, ரோரி."

"அப்பவே பார்த்திருக்கணும்."

அவள் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "ஆமா, பழைய டர்போவுக்கு என்ன வந்துச்சு?"

"நெல்ஸ் எங்கயோ பழசா வாங்கிட்டு வந்த குப்பை. ஏத்தத்துல நீலப் புகையா கக்கி நின்னுபோச்சு."

"சமதரையில?"

"அங்க ஒண்ணும் இல்ல."

"எண்ணெய்த் தொட்டிய எங்க வெச்சே?"

"வண்டி மூக்குப் பக்கம். குளிர்காத்து படட்டும்னு."

ஒடெட் பேனாவைக் கவுன்டரில் படுக்க வைத்து, ஒரு நுனியை மட்டும் மேலே தூக்கிக் காட்டினாள். "வண்டிய இப்படித் தூக்கிப் பாரு. அப்புறம் டர்போ வாங்கு."

ரோரி கிளாம்ப்களை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டு கராஜுக்குத் திரும்பினான்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் பனிக்காலம் முழுக்க இதே கராஜில்தான் இருவரும் கிடந்தார்கள். நெல்ஸ் சுருதி சேராமல் பாடுவான். ஃபிளாஸ்க் மூடியில் மூஸ் மான் இறைச்சிக் குழம்பை மாறிமாறிக் குடிப்பார்கள். டர்போ நெல்ஸ் தேடிப் பிடித்தது. மற்றதெல்லாம் ரோரியின் பொறுப்பு. டர்போவிலிருந்து எண்ணெய் தானாக வழிந்து தொட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று அந்தக் குழாய்க்கு ரசமட்டம் வைத்து இரண்டு தடவை சரிவு பார்த்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வண்டி நின்றுபோய் மூன்று மணி நேரம் பனியில் நடந்து இறங்கியபோது, "எல்லாம் உன் குப்பையாலதான்" என்றான். வசந்தத்தில் நெல்ஸ் கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான்.

பழைய டர்போ அலமாரியில் நெல்ஸின் கம்பளித் தொப்பிக்குள் சுற்றி வைத்தபடியே இருந்தது. அதன் விசிறியை விரலால் சுழற்றினான். ஆட்டமே இல்லாமல் சுற்றியது. அதை வண்டியில் பொருத்தி, பழைய குழாயையும் மாட்டி, சங்கிலியால் முன்பக்கத்தை மலைச்சரிவு அளவுக்குத் தூக்கினான். தொட்டி இப்போது டர்போவுக்கு மேலே நின்றது. எண்ணெய் ஊற்றினான். திரும்பிப் போக வழியில்லாமல் அது டர்போவுக்குள்ளேயே நிறைந்து, புகைக்குழாய் வழியாகச் சொட்டியது. அது எரிந்த புகைதான் அன்றைய நீலப் புகை.

சமதரையில் பார்த்த சரிவு! இந்த வண்டியை யார் சமதரையில் ஓட்டுகிறார்கள்?

துணியால் கையைத் துடைத்துவிட்டு உடனே போன் போட்டான்.

"டேய் நெல்ஸ், டர்போ நல்லாத்தான்டா இருந்திருக்கு. தொட்டிய நான் வெச்ச இடம்தான் தப்பு."

நெல்ஸ் கேட்டான்:

"ரசமட்டம் வெச்சு ரெண்டு தடவ பாத்தியே?"

"கராஜ் தரையில பாத்தேன்."

நெல்ஸ் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். "ஒன்பது வருஷமா நானும் அது குப்பைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், ரோரி."

"மன்னிச்சுக்கடா."

"புதுசு வாங்கிட்டியா?"

"இல்ல. கிளாம்ப் மட்டும்."

"அப்ப தொட்டியத் தொடாத. நான் வந்து வெக்கிறேன். அதுவரைக்கும் அந்த ரசமட்டத்த எங்கயாவது ஒளிச்சு வை."