வைரவனின் பெல்ட்

சவுதியில் ஜுபைல் சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இலக்கியம் படித்த ஒரே ஆள் வைரவன்தான். படித்து என்ன, அவனும் சாரம் கட்டத்தான் போனான். பக்கத்து சீட் ராக்கப்பனுக்குப் பழைய லத்தீன் காவியம் ஒன்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவான். அதில் சண்டைக்குப் போய்ச் சாகிறவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பாத பிள்ளைகள். அப்படி ஒருவனைக் கொன்றவன், பிணத்தின் பெல்ட்டை உருவித் தான் கட்டிக்கொள்கிறான். கடைசியில் அவனே தோற்றுப்போய் உயிர்ப்பிச்சை கேட்கிறான். ஜெயித்தவனுக்கு மனம் இளகுகிறது. அந்த நேரம் பார்த்து, தன்னை நம்பி வந்து செத்த அந்தப் பிள்ளையின் பெல்ட் கண்ணில் படுகிறது.

"அதோட அவன் கதை முடிஞ்சுதுண்ணே," என்றான் வைரவன்.

மறுவாரம் ராக்கப்பனின் சேஃப்டி பெல்ட்டில் கொக்கி சரியாகப் பூட்டவில்லை. ஸ்டோருக்குத் திரும்பிப் போனால் ஃபோர்மேன் கத்துவான்.

"இன்னைக்கு மட்டும் உன்னோடத குடுடா. நீ கீழதான நிக்கப்போற."

வைரவன் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டான். மதியம் ஆள் குறைந்தது என்று ஃபோர்மேன் அவனை மேலே ஏற்றினான். இருபத்திரண்டு வயது. அவன் விழுந்த சத்தம் ராக்கப்பனின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

விசாரணையில் பெல்ட் மாற்றியதை ராக்கப்பன் சொல்லவில்லை. தன்னிடம் தங்கிவிட்ட பெல்ட்டின் தொடைப்பட்டையில் வைரவன் மார்க்கரால் எழுதியிருந்த பெயரைப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தான். காய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. வியர்வை பட்டால் எழுத்து மேலே வந்தது, நாளுக்கு நாள் கறுப்பாக. பெல்ட்டை ஸ்டோரில் போட்டுப் பார்த்தான். மறுநாள் நாற்பது பெல்ட்டுக்குள்ளிருந்து அவன் கைக்கு வந்தது அதேதான்.

மூன்றாம் மாதம் வைரவனின் அண்ணன் மணிமாறன் அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்தான்.

"எப்படி விழுந்தான்னு ஒருத்தரும் சரியாச் சொல்லலண்ணே. நீங்க அவன் மேல உசுரா இருந்தீங்களாமே."

ராக்கப்பன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் இருவரையும் ஜோடி போட்டார்கள். ஏறுமுன் ஒருவன் பெல்ட்டை மற்றவன் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது சைட் வழக்கம். காலை ஏழு மணிக்கே ராக்கப்பன் தொப்பலாக நனைந்திருந்தான். மணிமாறன் குனிந்து தொடைப்பட்டையை இழுத்தான். அவன் கை அப்படியே நின்றது.

"தம்பி கையெழுத்து," என்றான் மெதுவாக.

"மணிமாறா, அன்னைக்கு நான்தான்..."

மணிமாறன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினான். பூட்டு விழும் 'டக்' சத்தம் மட்டும் வரவில்லை.

"ஏறுங்கண்ணே."

"யல்லா, யல்லா!" என்று ஃபோர்மேன் அரபியில் விரட்டினான். பூட்டைத் தொட்டுப் பார்க்க ராக்கப்பன் கையை இறக்கினான். பிறகு தொடாமலே அந்தக் கையை எடுத்து ஏணியில் வைத்தான்.