ஏலத்தில் எடுத்த கார்

கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து, சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. அந்தச் சனிக்கிழமை காலையில் ஜெபகனி, வடசேரியில் தன் சீட் கவர் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், பச்சை நிற எம்.ஜி. காரை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் வருஷம் இங்கிலாந்தில் செய்த வண்டி. இரண்டே சீட். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துப் போட ஒரு கான்வாஸ் மட்டும் உண்டு. அதைப் பார்க்கத்தான் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருகிறது. வருகிற ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நாளைக்குக் கார் சபை ஏலத்துக்குப் போய்விடும். அப்படி வாக்குக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, ஜெபகனியேதான்.

அவளுக்கும் அந்த ஏலத்துக்கும் ஆறு வருஷப் பகை. ஒவ்வொரு வருஷமும் பண்டிகை ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் நடக்கும். வாழைக்குலை, சேனை, தேங்காய், கோழி என்று சபையார் படைத்ததெல்லாம் மேசைக்கு வரும். ஏலம் எடுத்தவர் பொருளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் திட்டப்போவதில்லை. ஆனால் நல்ல பேரும் கிடைக்காது. மரியாதை தெரிந்தவர்கள் ‘காணிக்கை’ என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஏலத்தில் ஒரு பூசணிக்காய் நாலு தடவை விலைபோய் நாலு தடவையும் மேசைக்கே திரும்பி வந்தது. கடைசியில், மிஷன் பங்களாவில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன காரின் எலும்புக்கூட்டை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஏலம் விட்டவர் கமிட்டி மெம்பர் தங்கையன். ரிட்டயர் ஆன டிரில் மாஸ்டர், மைக் இல்லாமலே குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். மூன்று பேர் விளையாட்டுக்குக் கேட்டார்கள். ஜெபகனி விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஏலம் அவள் பேரில் முடிந்ததும் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“இது எனக்கு வேணும். நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்” என்றாள்.

முற்றம் கப்சிப் என்று ஆனது. பிறகு தங்கையன், “ஏ பிள்ளே, இத வச்சு என்ன செய்யப் போற? கோழி அடைக்கவா?” என்று கேட்டாரே பார்க்கலாம், போதகர் ஐயாவே அங்கியின் கையால் வாயை மறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் காருக்குப் பேர் கோழிக்கூடு. ஒவ்வொரு பண்டிகைக்கும் கோழி முட்டை இட்டதா என்று ஒரு விசாரிப்பு. போன வருஷம் ஜெபகனிக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த பண்டிகைக்குள் இந்த வண்டியை ஒருவர் மதித்து வாங்காவிட்டால், நானே கொண்டுவந்து காணிக்கையாக விடுகிறேன் என்று கோயில் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஜெபகனி கோபத்தில் பேசுகிறவள். ஆனால் பேசியதை மாற்றுகிறவள் இல்லை. அதுதான் தொல்லை.

அவள் புருஷன் ஜேசுதாஸ் குவைத்தில் பதினெட்டு வருஷம் வெல்டராக இருந்து திரும்பியவர். எஞ்சினும் தகரமும் அவர் பொறுப்பு. வம்பு பிடித்தது மரம்தான். இந்தக் காருக்கு இரும்பு சேஸிஸ் மேல் மரச்சட்டம், மரச்சட்டத்தின் மேல்தான் தகரம். சட்டம் முழுக்க ஆஷ் என்கிற சீமை மரம், அது முழுக்கக் கறையான். விரலால் தொட்டால் மாவாக உதிரும். ஜேசுதாஸ் தலையில் கை வைத்துவிட்டார். ஜெபகனி தலையில் கை வைக்கவில்லை, சட்டத்தை யாரையும் தொடவும் விடவில்லை. சீட் தைக்கிறவள் பழைய சீட்டைப் பிரிக்கும் முன்னால் செய்வதைத்தான் செய்தாள். காக்கித் தாளை ஒவ்வொரு துண்டின் மேலும் விரித்து, பென்சிலால் ஓரம் பிடித்து, உதிரும் முன்பே அளவெடுத்துவிட்டாள். அறுபத்திரண்டு தாள். அப்புறம் ஓக்கிப் புயலில் சாய்ந்து வீட்டுக்குப் பின்னால் கிடந்த அயனி மரத்தை அறுத்து, அந்தத் தாள்களை வைத்து ஆசாரியிடம் சட்டம் செய்ய வைத்தாள். இந்த ஊரில் நிலைக்கும் கதவுக்கும் அயனியை விட்டால் வேறென்ன மரம்? பழைய சட்டத்தின் மாவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளி, மூடி போட்டு, அலமாரியில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பத்து மணிக்கு வந்தார்கள். வாங்குகிறவர் இந்துஜா, கண் டாக்டர், நாற்பது வயதிருக்கும். கூடவே பத்மகுமார், பழைய கார்களில் கரைகண்டவர் என்று கேள்வி. இந்துஜாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, முகம் சொன்னது. பத்மகுமார் முகம் எதையும் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், அடியில் படுத்துப் பார்த்தார், சீட்டுத் தையலை நகத்தால் நிமிண்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாகக் கதவுக்குப் பக்கத்தில் கம்பளத்தைத் தூக்கி, மரத்தை விரல் முட்டியால் தட்டினார்.

“இது ஆஷ் இல்லையே” என்றார்.

அயனி என்று ஜெபகனி சொன்னாள். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். இந்துஜாவிடம் நிதானமாக விளக்கினார். இந்த வண்டியின் கதவுக்குக் கீல் பின்பக்கம், திறப்பது முன்பக்கம். சட்டம் ஒரு நூல் வளைந்தாலும் பூட்டு விலகும், ஓடும்போது எதிர்க்காற்று உள்ளே புகுந்து கதவைப் பிய்த்துக்கொண்டு போகும். அதற்காகத்தான் வெள்ளைக்காரன் ஆஷ் போட்டான். வீட்டுக்கு நிலை வைக்கிற மரத்தில் காருக்குச் சட்டம் செய்தால் அழகாக இருக்கும், ஆனால் ஓட்ட முடியாது. இதை வாங்க வேண்டாம்.

நாளைக்குக் காலையில் தங்கையன் இந்தப் பச்சைப் பானட்டில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பதை ஜெபகனி கண் முன்னால் பார்த்தாள். உள்ளே போய் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்து பத்மகுமார் கையில் கொடுத்தாள்.

“உங்க ஆஷ் இதாக்கும். இதுல ஒரு கதவு மாட்டித் தாங்க, பாப்போம்.”

இந்துஜா சிரித்துவிட்டாள். பத்மகுமாருக்குச் சிரிப்பு வரவில்லை.

“எதிர்க்காத்துதான பயம்?” என்றாள் ஜெபகனி. “இஞ்ச அதுக்கா பஞ்சம்? ஆரல்வாய்மொழி கணவாய்க்குப் போவோம். கதவு தொறந்துதுன்னா நீங்க சொன்னது சரி. நானும் பேசாம இருந்துருகேன்.”

இந்துஜா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள், ஜெபகனி பக்கத்தில். பின்னால் வேறு காரில் பத்மகுமாரும் ஜேசுதாஸும். தோவாளை தாண்டியதும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மலைக்கு நடுவில் காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. கதவு அசையவில்லை. கணவாயில் வண்டியை நிறுத்தியதும் பத்மகுமார் வந்து, போகிறபோது பின்காற்று, இதில் என்ன இருக்கிறது, திரும்பும்போது பாருங்கள் என்றார். சரிதான், நியாயமான பேச்சு. ஜெபகனிக்கு அந்த நியாயம்தான் பயமாக இருந்தது.

திரும்பினார்கள். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. ஜெபகனியின் சேலைத் தலைப்பு கழுத்தைச் சுற்றிக்கொண்டது, கண்ணில் தண்ணீர். இந்துஜா வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். டாக்டருக்குப் பயம் என்பதே கிடையாது போலிருக்கிறது. எதிரே ஜல்லி லாரி ஒன்று வந்து, உறுமிக்கொண்டு கடந்தபோது வண்டி முழுக்க ஒரு குலுக்குக் குலுங்கியது. ஜெபகனியின் இடது கை தானாகக் கதவுப் பிடிக்குப் பாய்ந்தது. பாதியில் அதை இழுத்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவர் அதையே சொல்லுவார், கதவை நீதானே பிடித்திருந்தாய் என்று. எனவே அவள் ஒரு காரியம் செய்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள்.

பின் காரில் பத்மகுமார் அதைப் பார்த்து, அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு, ஜெபம் பண்ணுகிறார்களா என்று கேட்டாராம். அதற்கு ஜேசுதாஸ் சொன்னாராம்: “இல்ல சார். ஏலம் கேக்கா.”

தோவாளை வரைக்கும் தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. கதவு, நிலையில் மாட்டிய கதவு மாதிரி, இருந்த இடத்தில் இருந்தது.

கடைக்கு வந்து இறங்கியதும் பத்மகுமார் நேரே அந்தக் கதவுக்குப் போனார். இடுக்கில் விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தார். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பிறகு ஜெபகனி பக்கம் திரும்பினார்.

“முப்பது வருஷமா இந்த வண்டிகளப் பாக்குறேன். நான் சொன்னது தப்பு. நீங்க செஞ்சது சரி.”

ஆறு வருஷம் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். டீ சாப்பிடுங்க என்றாள் ஜெபகனி. இந்துஜா டீ வருவதற்குள் வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். தன் வீட்டுக் கொட்டகையில் இன்னொரு வண்டி பிணமாகக் கிடக்கிறது, அதையும் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்புங்கள் என்ற ஜெபகனி, ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: இந்தக் காரை நாளை ஏலம் முடிந்த பிறகு கொண்டுபோக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் வாழைக்குலைகளுக்குப் பக்கத்தில் பச்சைக் கார் நின்றது. விற்றுப்போன கார். தங்கையன் அதை மூன்று தடவை சுற்றி வந்தார், ஒரு தடவைகூடக் கோழியைப் பற்றிப் பேசவில்லை. ஏலம் முடிகிற நேரத்தில் ஜெபகனி மேசைக்குப் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்தாள்.

“எனக்க காணிக்கை” என்றாள். “வெள்ளக்காரன் போட்ட மரம்.”

சிரிப்பு எழுந்தது, இந்தத் தடவை அவளோடு சேர்ந்த சிரிப்பு. காரை எடுக்க வந்திருந்த இந்துஜா முதலில் ஏலம் கேட்டாள். யாரோ கூட்டினார்கள். இந்துஜா மறுபடி கூட்டினாள். ஏலம் விட்டுக்கொண்டிருந்த தங்கையன் திடீரென்று தன் கையையே தூக்கினார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. தன் பேரிலேயே மூன்று தடவை சொல்லி முடித்துக்கொண்டார்.

காணிக்கை என்ற சொல்லுக்காக எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். தங்கையன் பாட்டிலைத் துண்டில் துடைத்து, பைபிள் கொண்டுவந்த பையில் பத்திரமாக வைத்தார்.

“இது எனக்கு வேணும்” என்றார், மைக் தேவைப்படாத அந்தக் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு. “நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

முற்றம் கப்சிப் என்று ஆனது. முதலில் கைதட்டியவள் ஜெபகனி.