வெட்டாமல் விட்ட இருபது ஏக்கர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆர்லிஸ் அந்தப் பொய்யைச் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமே இல்லாதவள். பழக்கம் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்தாவது சொல்லியிருப்பாள்.

ஜூன் மாதம் பாதி போய்விட்டது. விஸ்கான்சினின் அந்தப் பக்கத்தில் எல்லோரும் மாட்டுத் தீவனத்துக்கான முதல் அறுப்புப் புல்லை வெட்டிக் கட்டி அடுக்கிவிட்டார்கள். அவள் புருஷன் வெர்லினின் இருபது ஏக்கர் மேட்டு நிலம் மட்டும் இடுப்பளவு வளர்ந்து, கதிர் விட்டு, சத்துக் கெட முற்றி நின்றது. பக்கத்துப் பண்ணை டுவேனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன ஆர்லிஸ், வெர்லின் அந்தப் புல்லை வெட்டப் போறானா, இல்ல உள்ள போய் ஒளிஞ்சு விளையாடப் போறானா?"

மேசையே சிரித்தது. அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "வெட்டுற மிஷின் கெட்டுப்போச்சு. பார்ட்ஸ் வரணும்" என்றாள்.

மிஷினுக்கு ஒரு கேடும் இல்லை. வெர்லின் குருவிக்காக நிறுத்தி வைத்திருந்தான். பாபோலிங்க் என்கிற சின்னக் குருவி. ஆண் கறுப்பு, பிடரியில் வைக்கோல் நிறம், முதுகில் வெள்ளை. அர்ஜென்டினாவிலிருந்து பறந்து வந்து, புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும். அவன் சின்ன வயதில் வேலிக்கு வேலி உட்கார்ந்து பாடும். பிறகு எல்லோரும் மே மாதக் கடைசியிலேயே வெட்ட ஆரம்பித்தார்கள். கூடும் குஞ்சும் கத்தியில் போயின. மிச்சமிருந்த புல்வெளியைச் சோளம் தின்றது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வெர்லின் அந்த இருபது ஏக்கரில் சோளத்தை நிறுத்திப் புல் விதைத்தான். மூன்று வருஷம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த வருஷம் பதினோரு ஜோடி! ஜூலை பாதிவரை கத்தி இறங்காமல் இருந்தால் போதும், குஞ்சுகள் பறந்துவிடும். இதை ஊரில் ஒருத்தரிடமும் அவன் சொல்லவில்லை. குருவிக்காகப் புல்லை முற்ற விடுகிறான் என்று தெரிந்தால் சாகும்வரை கேலி பேசுவார்களே. அந்த வீம்பும் இந்தப் பொய்யும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தன.

செவ்வாய்க்கிழமை மாட்டுக் கொட்டகையில் வெர்லின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆர்லிஸ் அவனோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். வியாழன் மதியம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவளுக்கு, காரை விட்டு இறங்கும் முன்பே பச்சைப் புல் வெட்டிய வாசனை அடித்தது.

அங்கே வழக்கம் அது. ஒருத்தன் படுத்துவிட்டால் அவன் வேலையை அக்கம்பக்கம் எடுத்துச் செய்யும். கூப்பிட வேண்டியதில்லை. அவர்களும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான் என்று தெரியும். நான்கு டிராக்டர்கள் வந்திருந்தன. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நடுவில் ஒரு பட்டைதான் மிச்சம் நின்றது.

"நிறுத்து! டுவேன், நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்கும்? சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். அந்தப் பட்டையும் அவள் கண்ணெதிரே சாய்ந்தது.

இறங்கி வந்தவன், "ஒண்ணும் பேசாத. மிஷினும் இல்லாம அவன் படுத்துக் கிடக்கான், நாங்க வேடிக்கை பாத்துட்டு இருப்போமா?" என்றான்.

அவர்கள் தலைக்கு மேல் குருவிகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அலகிலும் புழு. தாழ்ந்து வரும், இறங்க இடம் தெரியாமல் மறுபடி எழும்பும்.

"பாரேன், புல்லு சாஞ்சதும் புழு பொறுக்க என்னமா கூட்டம் கூடுது! இதுங்களுக்கும் இன்னைக்கு விருந்துதான்" என்றான் டுவேன்.

ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். சொந்த வேலையைப் போட்டுவிட்டு வந்த நான்கு பேர், சட்டை நனைந்து எதிரே நின்றார்கள். "ரொம்ப நன்றி" என்றாள். பாவி, அதைத்தான் சொன்னாள். உள்ளே போய்க் காபி போட்டு, ரொட்டியில் ஹாம் இறைச்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முன்பே டுவேன் அங்கே போய் வெர்லினிடம் நல்ல சேதியைச் சொல்லி முடித்திருந்தான். வெர்லின் ஊசி குத்திய கையை நீட்டினான்.

"பெரிய உதவி, டுவேன்."

டுவேன் வெளியே போனதும் கேட்டான். "மிஷின் கெட்டுப்போச்சுன்னு அவன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அந்த நிலத்தை அவனையே குத்தகைக்கு எடுத்துக்கச் சொல்லு. சோளம் போடட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கி ஓடினாள். டுவேன் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

"மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு, டுவேன்." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு கூடு, ஏழு வருஷம், ஜூலைவரை காத்திருந்தது.

டுவேன் தொப்பியைக் கழற்றினான். "அப்போ அதுங்க வாயில வச்சிருந்த புழு..."

"குஞ்சுக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆர்லிஸ்."

"நீ சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றான் டுவேன். "ஆனா வெட்டியிருக்க மாட்டேன்."