கழுதைக்கு எந்தச் சில்லு போதும்?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே வேண்டியதில்லை. பாடசாலை விஞ்ஞான மலர் ஒன்றுக்கு, நிரல்படுத்தத்தக்க தருக்கச் சில்லையும் (FPGA) ஏனைய கணினிச் செயலிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை கேட்டார்கள். நானும் மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

நவீன உலகின் இன்றியமையாத கூறாக விளங்கும் மின்னணுச்

சீ. இதை நானே வாசிக்க மாட்டேன். வேறு மாதிரி:

மன்னார் தாராபுரத்தில் ஜெஸ்லியாவுக்குக் கலியாணம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, வீட்டு வளவின் நாலு பக்கமும் கழுதைகள் நின்றன.

இது நல்லாயிருக்கிறது. கழுதைகளுக்கும் சில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் அப்போது தெரியாது.

2

ஜெஸ்லியா மின்னணுப் பொறியியல் படித்தவள். தருக்கச் சில்லு என்றால் உயிர். மாப்பிள்ளை றமீஸ் புத்தளத்தில் இறால் பண்ணைப் பம்புகளுக்கு நுண்செயலிப் பலகை செய்து கொடுப்பவன். இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் தாராபுரம்தான். சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது ஒன்றாகப் புத்தளம் போனவை. சண்டை முடிந்ததும் ஜெஸ்லியாவின் உம்மா ஸுஹறா மகளோடு திரும்பி வந்துவிட்டார். றமீஸ் வீட்டார் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவான். றமீஸின் வீட்டாருக்கோ பெண்ணைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போக விருப்பம்.

"தாராபுரத்தில என்ன இருக்கு? கழுதையும் காத்தும்தானே" என்று போனில் சீண்டினான் றமீஸ்.

"அந்தக் கழுதையத் தடுக்க உங்கட நுண்செயலிக்கு ஏலுமா எண்டு பாப்பம்."

அப்படிப் பிறந்ததுதான் பந்தயம். திரும்பி வந்தவர்களுக்கான வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது, மதில் கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கமும் ஓர் ஒளிக்கதிர். கழுதை அதை மறித்தால் மணி அடிக்கும், ஓடிப்போய் விரட்டலாம். கிழக்கும் வடக்கும் அவனுடைய நுண்செயலிக்கு. மேற்கும் தெற்கும் அவளுடைய சில்லுக்கு. யாருடைய பக்கத்தால் கழுதை உள்ளே வருகிறதோ, அவர் மற்றவரின் ஊருக்குக் குடிபோக வேண்டும்.

றமீஸுக்கு அது பகிடி, வெறும் விளையாட்டு. ஜெஸ்லியாவுக்கு இல்லை. வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அவளும் போய்விட்டால் உம்மா தனி.

3

[இந்த இடத்தில் ஒப்பீடு வரவேண்டும். மலர்க்குழு இன்னும் காத்திருக்கிறது.]

"ரெண்டும் கறுப்பாத்தானே கிடக்கு. என்ன வித்தியாசம்?" என்று ஸுஹறா கேட்டார்.

"உம்மா, நுண்செயலி எண்டது பந்தியில சோறு போடுற ஒரே ஒரு ஆள். ஒவ்வொரு கோப்பையா வருவார். ஆனாப் பறந்து பறந்து வருவார். இந்தச் சில்லு சஹன் மாதிரி. ஆறு பேர் ஒரு தட்டைச் சுத்தி இருந்து, ஆறு கையும் ஒரே நேரத்தில போகும். ஆருக்கும் ஆரும் காத்திருக்கிறேல்ல."

"அப்ப கொம்பியூட்டர் விளையாட்டுக்குப் போடுறது?"

"அது வரைகலைச் செயலி. ஒரு சொல்லுச் சொன்னா நூறு பேர் சேர்ந்து வெங்காயம் வெட்டுவினம். எல்லாரும் வெங்காயம்தான். ஒரு வேலைக்கெண்டே வார்க்கிற சில்லும் இருக்கு. வேகத்தில அதை அடிக்கேலாது, ஆனா வார்த்தா வார்த்ததுதான். என்ர சில்லில நான் உள் இணைப்பையே கலைச்சுத் திரும்பக் கட்டலாம்."

"கரண்ட் போனா?"

"எல்லாத்தையும் மறந்திடும். பக்கத்தில ஒரு சின்ன நினைவகம் வைக்கோணும். கரண்ட் வந்தவுடன அது சொல்லிக்குடுக்கும்."

ஸுஹறா சிரித்தார். காரணமிருக்கிறது. திரும்பி வந்தபோது இந்த வளவில் உடைமரக் காடுதான் நின்றது. ஒரு கல் இல்லை. ஸுஹறா உள்ளே நடந்து, "இதில படலை, இதில கிணறு" என்று நின்று காட்டினார். தோண்டினார்கள். கிணற்றுக்கட்டு தட்டுப்பட்டது.

4

இங்கே சில்லை வெல்லவைத்து ஒரு பந்தி எழுதினேன். கிழக்காலும் வடக்காலும் ஒரே கணத்தில் இரண்டு கழுதைகள் வருகின்றன, நுண்செயலி ஒன்றைப் பார்ப்பதற்குள் மற்றது

நுஃமானிடம் காட்டினேன். மின்னணுவியல் படிப்பிப்பவர், நண்பர் என்பதற்காக இரக்கம் காட்டாதவர்.

"நீங்க என்ன எழுதுறீங்க? கழுதை ஒரு கால் தூக்கி வைக்கிறதுக்குள்ள நுண்செயலி நாலு பக்கத்தையும் ஆயிரம் தரம் பாத்திடும். கழுதைக்கு அதுவே அதிகம்."

"அப்ப சில்லு எதுக்கு?"

"ஆயிரம் ஒளிக்கதிரை ஒரே நேரத்தில, கொஞ்சமும் பிந்தாமப் பாக்கோணும் எண்டாச் சில்லு. மன்னாரில அவ்வளவு கழுதை இருந்தா எனக்குச் சொல்லுங்கோ."

பந்தியைக் கிழித்துப்போட்டேன். ஜெஸ்லியாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக விஞ்ஞான மலரில் பொய் சொல்ல முடியுமா?

5

ஆகவே நடந்தது இதுதான். (நடக்கவில்லை. ஆனால் நடந்தால் இப்படித்தான்.)

றமீஸ் வீட்டாரோடு புத்தளத்து வான் வண்டி மத்தியானம் வந்து சேர்ந்தது. சஹன் சாப்பாடு முடிந்தது. இனிப்புக்கு வட்டிலப்பத் தட்டுகள் பந்தலுக்குள் வரிசையாக இருந்தன. மணிகள் நாலு பக்கமும் மாறிமாறி அடித்தன, கழுதைகள் மாறிமாறி ஓடின. இரண்டு பலகையும் ஒரு பிழை விடவில்லை.

கரண்ட் போனது. அடுத்த நிமிடமே வந்தது.

றமீஸின் நுண்செயலி எதுவுமே நடக்காததுபோல் வேலையைத் தொடங்கியது. ஜெஸ்லியாவின் சில்லு வெறுமையாகக் கிடந்தது. காலையில் கடைசித் திருத்தத்தை மடிக்கணினியிலிருந்து நேரே சில்லுக்குள் இறக்கியவள், பழையதை அழித்து வைத்திருந்த நினைவகத்தில் அதை எழுத மறந்துவிட்டாள். ஆர்தான் கலியாணப்பேச்சு நாளில் எல்லாவற்றையும் நினைத்திருப்பார்கள்!

மேற்குப் பக்கத்தால் ஒரு கழுதை ஆற அமர வந்தது. மணி அடிக்கவில்லை. அது முதலாவது வட்டிலப்பத் தட்டில் முகத்தை வைத்தபிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஜெஸ்லியாவுக்கு மட்டும் கண் கலங்கியது. தோற்றுப்போனாள். புத்தளம் போகவேண்டும்.

6

றமீஸ் அவளிடம் வந்தான்.

"வெண்டது நான். வெண்ட ஆள் கேக்கிறதத் தரவேணும்."

"தெரியும். எப்ப வெளிக்கிட?"

"ஆர் உங்கள வெளிக்கிடச் சொன்னது? என்ர பலகை எந்த ஊரில கொண்டுபோய் வச்சாலும் ஓடும். உங்கட சில்லு அப்படியில்ல, பக்கத்தில நினைவகம் வேணும். மாமிய இங்க விட்டுட்டு உங்கள அங்க கூட்டிக்கொண்டு போனா, கரண்ட் போற நேரம் நான் என்ன செய்யிறது? நான் இங்க வாறன்."

ஜெஸ்லியாவுக்குச் சந்தோசம். ஆனால் ரோசக்காரி. "தோத்த ஆளுக்கு இரக்கமோ?"

"இரக்கமில்ல. இந்தக் கழுதை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

[அவள் 'ஓம்' என்கிறாள், முற்றும்.] வெட்டிவிட்டேன். பந்தயத்தில் தோற்றுவிட்டு வெற்றியை வாங்கிக்கொள்கிறவளா அவள்?

[அவள் 'சொன்ன சொல் சொன்னதுதான், நான் புத்தளம் வாறன்' என்கிறாள்.] இதையும் வெட்டிவிட்டேன். ஸுஹறா என்னை மன்னிக்க மாட்டார்.

இனி உங்கள் பாடு. உம்மா, மாப்பிள்ளை, வான் வண்டியில் வந்த அவ்வளவு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு சொல் போதும். கெதியாகச் சொல்லுங்கோ. ஒருவரும் கழுதையை விரட்டவில்லை. அது இரண்டாவது தட்டுக்கு வந்துவிட்டது.