மாதா பார்க்கும் உயரம்

"இந்தத் தெருவுல பூச்சுக்காரங்களுக்கா பஞ்சம்? எல்லா வேலையையும் ஏன் எனக்கே கொண்டுவர்றீங்க, மேஸ்திரி?"

"நிக்கானோருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அம்மணி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கை வலிக்குது, சுரூபத்தை வாங்கிக்கிறீங்களா?"

கணவன் நிக்கானோரின் முதல் வருஷத் திவசப் பூசை முடிந்த வாரம், மழையில், வாசற்படியில் நின்று நடந்த பேச்சு இது. காசில்டா அன்றைக்கு அந்த மரச் சுரூபத்தைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேச்சு மட்டும் காலில் தைத்த முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

கித்தோ நகரத்தில் ஒரு மாதாவுக்கு இரண்டு பேர் வேண்டும். உளிக்காரர் மரத்தில் உருவத்தைக் கொண்டுவருவார். பூச்சுக்காரர் அதற்கு மேனி கொடுப்பார். உளி பிடிக்கிறவர் வர்ணத்தைத் தொடுவதில்லை, வர்ணம் தொடுகிறவர் உளியைத் தொடுவதில்லை. மேஸ்திரி பெர்னபே தேவதாருவில் முகத்தைச் செதுக்கி, அதை முகமூடிபோல அறுத்தெடுத்து, உட்பக்கமாகக் கண்ணாடிக் கண்களைப் பதித்து, மறுபடி வச்சிரம் போட்டு ஒட்டித் தெருவைக் கடந்து எடுத்துவருவார். காசில்டா அந்த வெறும் மரத்துக்கு வெள்ளைப் பூச்சு பூசி, இழைத்து, அதன்மேல் ரோஜா நிறம் ஏற்றி, எச்சில் தொட்ட ஆட்டு மூத்திரப்பையால் நாள் முழுக்கத் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்கக் கன்னத்தில் ரத்தம் ஓடுவதுபோல ஒரு மினுக்கம் வரும். ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. அதனால் பூச்சு நடக்கும் வீட்டுக்குள் உளிக்காரர் கால் வைப்பதில்லை. அவர் சட்டையைத் தட்டினால் அரைப்படி மரத்தூள் கொட்டுமே. கொடுக்கல் வாங்கல் எல்லாம் வாசற்படியோடு சரி.

நிக்கானோர் இருந்தவரை இந்த வழக்கம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு நண்பர்களும் வேலை முடிந்ததும் சிச்சா என்கிற சோளக்கள் விற்கும் கடையில் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவன் போன பிறகுதான் அந்த வாசற்படி சுவராகிவிட்டது. பெர்னபேயும் மனைவியை இழந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பட்டறையின் ஒரு மூலையிலேயே படுத்து, ஆறிய உருளைக்கிழங்குக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் சுரூபத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் காசில்டாவின் தொண்டை வரை ஒரு வேண்டுகோள் வந்து நிற்கும்: போகாதீங்க, இங்கேயே இருந்துடுங்க. கூடவே அந்த வாக்கும் ஞாபகத்துக்கு வரும். செத்த நண்பனுக்காக நல்லது செய்கிற மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது? 'அம்மணி, என்னைத் தப்பா நினைச்சுட்டீங்களே' என்று அவர் சொல்லிவிட்டால், அப்புறம் இந்த வாசற்படியும் இருக்காது.

இப்படியே பல வருஷம் போன பிறகு, ஒரு நவம்பரில், வடக்கே போப்பயானில் கட்டிக்கொடுத்திருந்த மகள் இசிதோரா கோவேறு கழுதைக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தாள். 'அம்மா அங்க தனியா உட்கார்ந்து ஆட்டுப்பையை நக்கிக்கிட்டிருந்தது போதும். அமலோற்பவ மாதா திருநாள் முடிஞ்சதும் இவங்களோடயே கிளம்பி வரச் சொல்லுங்க. இனிமே எங்ககூடத்தான்.'

"போறியாக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு பெத்ரோனா. சோளப் பணியாரம் விற்கிறவள். வாய்க்கும் அடுப்புக்கும் ஓய்வே கிடையாது.

"போக வேண்டியதுதான். இங்க எனக்குன்னு யாரு இருக்கா?"

"எதிர்ச்சாரியில ஒரு ஆளு மரத்தூள்ல முங்கிக் கிடக்கே, அதைக் கேட்டுப் பாரேன்."

"சும்மா இருடி. வாக்குக் குடுத்த கணக்குக்கு வேலை குடுக்குற மனுஷன்."

"ஆமா, கணக்குப் பாக்குறவன்தான் மழையில சாக்கைத் தான் போத்திக்காம மாதாவுக்குப் போத்தித் தூக்கிட்டு வர்றான்!"

"மாதாவுக்குத்தானே போத்துனாரு. எனக்கில்லையே." காசில்டா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கழுதைக்காரரிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது.

திருநாளுக்கென்று அந்தப் பேட்டைக் கோயிலுக்குப் புது மாதா செய்திருந்தார்கள். இதுவரை பெர்னபே செய்ததெல்லாம் வீட்டுச் சுரூபங்கள். பெட்டிமேலோ மேசைமேலோ வைத்துக் கும்பிடுகிற அளவு. கோயில் பீடத்தில் உயரமான மாடத்துக்கென்று ஆள் அளவில் செய்தது இதுதான் முதல். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். மறுநாளே அதே நாலு பேர் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து காசில்டாவின் கூடத்தில் இறக்கினார்கள். பின்னாலேயே மாதா சபைத் தலைவி டோனா ஊர்சுலா கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி மூச்சுவாங்க நுழைந்தாள்.

"இது என்ன மாதாவா, கோட்டைக் காவக்காரியா?"

"என்ன ஆச்சுங்கம்மா?"

"ஊரே முட்டி போட்டுக் கிடக்கு. ஒருத்தியையாவது ஏறெடுத்துப் பாக்கணுமே! தலைக்கு மேல பாக்குறா. வாசல்ல எவன் குதிரை கட்டுறான்னு பாக்குறாளாம். எங்க வீட்டுக்காரரு வாசல்ல நிக்குற ஆளு, அவருக்கு ஒரே பெருமை. 'என்னைத்தான் பாக்குறா'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. நான் செஞ்ச நேர்த்திக்கடனுக்கு அந்த மனுஷனுக்கா அருள்? திருநாளுக்குள்ள கண்ணைக் கீழ இறக்கிக் குடு. இல்லேன்னா பழைய மாதாவையே ஏத்திடுவோம்."

அவள் போன பிறகு காசில்டா மாதாவின் முகத்தில் படிந்த ஊதுவத்திப் புகையை மெல்லத் துடைத்தாள். பூச்சில் ஒரு குறையும் இல்லை. ஓய்ந்துபோய்த் தன் வேலைப் பலகையில் உட்கார்ந்து நிமிர்ந்தாள்.

மாதா அவளை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

காசில்டா எழுந்து நின்றாள். பார்வை அவளுடைய இடுப்பளவில் நின்றது. தரையில் உட்கார்ந்தாள். பார்வை தலைக்கு மேலே போனது. மறுபடி பலகையில் உட்கார்ந்ததும் அந்தப் பழுப்புக் கண்ணாடிக் கண்கள் அவள் முகத்தில் வந்து இறங்கின.

"பெத்ரோனா! ஏய், பணியாரத்தை இறக்கி வச்சிட்டு இங்க வா."

பெத்ரோனா கையைத் துடைத்துக்கொண்டே வந்து அங்குமிங்கும் நின்று பார்த்தாள். "என்னையெல்லாம் பாக்கலக்கா. உன் பலகையைத்தான் பாக்குறா." அப்புறம் அவளே பலகையில் உட்கார்ந்தாள். அவள் குட்டை. "இப்பவும் என் நெத்திக்கு மேல பாக்குறாளே. உன் உசரத்துக்குத்தான் சரியா இருக்கு. இது என்ன கூத்து?"

காசில்டா மாதாவின் கண்களை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்தப் பலகையில் உட்கார்ந்து எத்தனை முகங்களுக்கு மேனி கொடுத்திருப்பாள்! எல்லாமே அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறோம், பார்க்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். ஊரில் யார் வீட்டில் கேட்டாலும் 'உங்க கை பட்ட மாதா, உட்கார்ந்து செபம் சொன்னா நம்மளையே பாக்குறா' என்பார்கள். அது தன் பூச்சின் மகிமை என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது அவளுக்கு.

மத்தியானம் பெர்னபே ரம்பமும் உளிப்பையுமாக வந்து, வழக்கம்போல வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க. இன்னிக்குப் பூச்சு இல்ல."

அவர் வெளியிலேயே சட்டையை நன்றாகத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அப்படியும் தரையில் தூள் உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"போப்பயானுக்குக் கிளம்புறீங்களாமே. பெத்ரோனா சொன்னா."

"ம்."

"நல்லது. மககூட இருக்கிறது நல்லதுதான்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

காசில்டா பலகையில் போய் உட்கார்ந்தாள். "மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். கண்ணு பதிக்கும்போது எதிர்ல யாரை நிறுத்துவீங்க?"

"யாரை நிறுத்துறது? முக்காலி மேல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைப்பேன். அந்தச் சுடரு கண்ணாடியோட நட்டநடுவுல விழுற மாதிரி திருப்பித் திருப்பிப் பதிச்சுடுவேன்."

"அந்த முக்காலி என்ன உசரம்?"

"உசரம்... ஒரு உசரம்தான்."

"நான் இங்க உட்கார்ந்திருக்கேன். மாதா கண்ணைப் பாருங்க."

பெர்னபே பார்த்தார். மாதாவின் கண்ணிலிருந்து ஒரு நூல் இழுத்துக் கட்டினதுபோல அவர் பார்வை காசில்டாவின் முகத்துக்கு வந்தது. காது மடல் சிவந்தது. உளிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"தரையில மண்டி போட்டு வேலை செஞ்சு உங்களுக்கு முட்டி வீங்கிக் கிடந்துச்சு, நிக்கானோர் போன புதுசுல. அப்ப இந்தப் பலகையை நான்தானே செஞ்சு குடுத்தேன். அளவு எனக்குத் தெரியும். அதுல நீங்க உட்கார்ந்தா முகம் எங்க வரும்னும் தெரியும்." உளிப்பையைக் கீழே வைத்தார். "அங்க மெழுகுவத்தியை வச்சா, சுடரு ஆடும்போது ஆளு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். அதுக்கப்புறம் வேற உசரத்துல வைக்க வரல."

"கோயில் மாடம் உசரம்னு தெரியாதா?"

"தெரியும். அளந்துட்டு வந்தேன். சுவத்துல கரியால குறிச்சுகூட வச்சேன். ஆனா கண்ணைப் பதிக்க உட்கார்ந்தப்ப கை தானா முக்காலியை இழுத்துப் போட்டுடுச்சு." அவர் தலையைச் சொறிந்தார். "பித்துக்குளித்தனம். ஊர்ல தெரிஞ்சா உளியைப் பிடுங்கிட்டு உலக்கையைக் குடுத்துடுவாங்க."

காசில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெளிச்சம் போயிடும். ரம்பத்தை எடுங்க" என்றாள்.

எடுத்தார். ஆனால் அறுக்கவில்லை. மாதாவின் காதோரம் ரம்பத்தை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார்.

"என்ன?"

"இந்தக் கன்னத்தை எத்தனை நாள் தேச்சீங்களோ. இதுல எப்படிப் பல்லை வைக்கிறது?"

"வைங்க. நான் மறுபடி தேச்சுக்குவேன்."

தலையை அவள் இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவர் முடியோரமாக, தாடைக்குக் கீழாக, மூச்சுவிடும் வேகத்தில் அறுத்தார். ரோஜா நிறத் தூளும் வெள்ளைத் தூளும் கலந்து அவள் மடியில் விழுந்தன. இத்தனை வருஷத்தில் அவர் கை இவ்வளவு பக்கத்தில் இருந்து அவள் பார்த்ததில்லை. கட்டைவிரலில் பழைய உளிவெட்டு ஒன்று கோணலாக ஆறியிருந்தது. முகம் கழன்று அவள் மடிக்கு வந்தது. உட்பக்கம் திருப்பினால் பூசாத மரம், இரண்டு கண்ணாடிகள், கெட்டியாகிப்போன அரக்கு. அவர் அரக்கைச் சூடுகாட்டி இளக்கிக் கண்களை வெளியே எடுத்தார்.

"இப்ப மாட உசரத்துல பிடிச்சுப் பாக்கணும்" என்று ஏணியைக் கூடத்தின் விட்டத்தில் சாய்த்து ஏறினார். "நீங்க கோயில்ல முட்டி போடுற மாதிரி கீழ போடுங்க. மெழுகுவத்தியை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கோங்க. முதல்ல வெறும் ஓட்டை வழியாப் பாத்து, எவ்வளவு சரிக்கணும்னு குறிச்சுக்குறேன்."

காசில்டா மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு மண்டியிட்டாள். தெருவில் யாரோ கோவேறு கழுதைகளை அதட்டிக்கொண்டு போனார்கள். பெத்ரோனாவின் அடுப்பிலிருந்து சோளம் வேகும் வாசனை வந்தது.

மேலே, ஏணியின் கடைசிப் படியில், பெர்னபே மாதாவின் முகத்தைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தார். அவள் தேய்த்து மினுக்கிய கன்னங்கள். அவள் நிறம் கொடுத்த உதடுகள். இமைகளுக்கு நடுவே, கண்ணாடி இருந்த இடத்தில், அவருடைய கண்கள். கொஞ்சம் சிவந்து, ஓரத்தில் சுருக்கம் விழுந்து, தூள் பட்டு உறுத்தினதுபோல் ஈரமாக.

"முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க, அம்மணி."

தூக்கினாள்.

"ஆங், அப்படியே. இப்பப் பாக்குறாளா?"

"பாக்குறா."

"உங்களைத்தானே?"

"என்னைத்தான்."

அவர் இறங்கவில்லை. குறித்துக்கொள்ளக் கரித்துண்டையும் எடுக்கவில்லை. முகம் விட்டத்துக்கடியிலேயே நின்றது. கண்களும் இமைக்காமல் அப்படியே நின்றன. எத்தனையோ பெண்கள் இப்படி மண்டியிட்டு இந்த முகத்திடம் எதையெதையோ கேட்கப் போகிறார்கள் என்று காசில்டா நினைத்தாள். மெழுகு உருகி அவள் விரலில் சொட்டியது. சுட்டது. கையை எடுக்கவில்லை.

"மேஸ்திரி" என்றாள். "நான் போப்பயானுக்குப் போகல. சாயங்காலம் சாப்பாட்டுக்கு இங்கயே இருங்க. நாளைக்கும் இருங்க. என்னைக் கட்டிக்கிட்டு, இந்த வீட்டுலயே இருந்துடுங்க."